‘எழுத்து உடையுது’ என்று வரும் முறைப்பாட்டை என்ன செய்வது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. இரவில் பைத்தன் நிரல்மொழியில் சின்னச் சின்ன விண்டோஸ் மென்பொருள்கள் எழுதுவேன். அதில் ஒன்று, பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய எழுத்துரு) தட்டச்சு செய்த பழைய எழுத்தை யூனிகோடுக்கு, அதாவது இப்போதைய பொதுக் குறியீட்டுக்கு, மாற்றுவது. பெட்டியில் ஒட்டினால் மாற்றித் தரும், அவ்வளவுதான். நகரத்தில் சில கொமினிகேஷன் கடைகள், பாடசாலைகள், கிண்ணியா, மூதூர் பக்கம் சில அலுவலகங்கள் என்று ஆட்கள் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் வட்ஸ்அப்பைத் திறந்தால் தலை சுற்றுகிறது. ‘எழுத்து உடையுது’, ‘திறக்குதில்லை’, ‘வைரஸ் எண்டு வருது’ என்று ஒரு பக்கம். சிங்களத்துக்கும் செய்யுங்கள், போனுக்குச் செய்யுங்கள், எழுத்துப்பிழையும் திருத்தினால் நல்லது என்று இன்னொரு பக்கம். போன பதிப்பில் ஒரு பொத்தானை இடம் மாற்றினேன். ஒரு கடைக்கார அண்ணா வொய்ஸ் மெசேஜில் ஏசிவிட்டார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லோரும் சொல்வதைச் செய்வதா, எனக்குச் சரியென்று படுவதைச் செய்வதா? இதற்குக் காசு வாங்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

எல்லோரும் சொல்வதைச் செய்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே விளங்காத ஒரு மென்பொருள் கையில் இருக்கும். உங்களுக்குப் பட்டதை மட்டும் செய்தால் அதைப் பாவிக்க நீங்கள் ஒருவர்தான் மிஞ்சுவீர்கள். ஆட்கள் அனுப்பும் செய்தியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எந்த வேலையைச் செய்யும்போது எங்கே மாட்டினார்கள் என்பது ஒன்று. அதற்குத் தாங்களே யோசித்துச் சொல்லும் பரிகாரம் மற்றது. மாட்டிய இடத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை அப்படியே நம்புங்கள், அதில் அவர்களை விடப் பெரிய சாட்சி இல்லை. பரிகாரத்தை மட்டும் மரியாதையாகக் கேட்டு எழுதி வையுங்கள். அதை முடிவு செய்வது உங்கள் வேலை.

உங்கள் கடிதத்தில் உள்ள ‘எழுத்து உடையுது’ என்பதையே எடுப்போம். வைத்தியரிடம் போய் ‘மேல் சரியில்லை’ என்று சொல்வது மாதிரியான முறைப்பாடு அது. அதற்குள் வேறு வேறு நோய்கள் இருக்கின்றன.

முதலாவது, உங்கள் பிழையே இல்லாதது. கொமினிகேஷன் கடைகளில் கோயில் திருவிழா நோட்டீஸும் மரண அறிவித்தலும் பெரும்பாலும் போட்டோஷொப்பில்தான் செய்கிறார்கள். யூனிகோட் தமிழை அதன் பழைய பதிப்புகளில் ஒட்டும்போது, அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரம் தெரிவு செய்யப்படாவிட்டால் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் நிற்கும். பழைய பேஜ்மேக்கரில் யூனிகோட் தமிழ் சரிவரவே வராது. நீங்கள் மாற்றித் தந்த எழுத்து நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் கடைக்காரர் கண்ணுக்கு அது உடைந்த எழுத்துத்தான். இதற்கு நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். ‘போட்டோஷொப்பில் ஒட்டுகிறீர்களா?’ என்று ஒரு உதவிக் குறிப்பும் ஒரு படமும் போதும்.

இரண்டாவது, அவர் ஒட்டியது பாமினியே இல்லை. இந்தியாவில் இருந்து வந்த பழைய கோப்பு டிஸ்கியிலோ டாபிலோ இருக்கும். திரையில் எல்லாம் தமிழாகத்தான் தெரியும், உள்ளே இருக்கும் குறியீடு வேறு. மாற்றினால் குப்பை வரும்.

மூன்றாவதுதான் உங்களுடையது. உங்கள் ஊரிலேயே அதற்கு நல்ல உதாரணங்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படுகிறது, யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. அதை எல்லோரும் சரியாகத்தான் செய்கிறார்கள். சிக்கல் ‘ௌ’ இல் வருகிறது. பாமினியில் ஔகாரத்துக்கு என்று தனிக் குறி கிடையாது. கொம்பு, எழுத்து, அதன் பின் சாதாரண ‘ள’ என்று தட்டிவிடுவார்கள். ஆகவே மாற்றி எழுதுபவர் ‘கொம்பும் ஒரு மெய்யும் ளகரமும் வந்தால் ஔகாரம்’ என்று ஒரு விதி போடுவார். கௌரி சரியாக வரும். பௌர்ணமி சரியாக வரும். அப்புறம் யாரோ ஒருவர் நிலாவெளி என்று தட்டிய கோப்பைக் கொண்டு வருவார். கொம்பு, வ, ள, விசிறி (‘ளி’ இல் வரும் இகரக் குறி). உங்கள் விதி முதல் மூன்றையும் பிடித்து ‘வௌ’ ஆக்கிவிடும், மிஞ்சிய விசிறி அந்தரத்தில் தொங்கும். ‘நிலாவௌி’. சில இடங்களில் அந்த விசிறிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் வந்து நிற்கும். உப்புவெளிக்கும் குச்சவெளிக்கும் இதே கதி. வெள்ளைமணல், வெள்ளிக்கிழமை என்றால் விசிறிக்குப் பதில் புள்ளி தொங்கும். இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்களில் ‘வௌிநாடு’, ‘வௌியீடு’ என்று கண்ணில் பட்டிருக்குமே, அதெல்லாம் இந்த ஒரே பிழை.

உங்கள் மென்பொருளில் இது இருக்கிறதா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. நிலாவெளி என்று ஒட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

இப்போது திருத்தத்தைப் பாருங்கள். நிலாவெளிக்காரர் இரண்டு முறை செய்தி அனுப்பிவிட்டார் என்ற பதற்றத்தில் ஔகார விதியையே தூக்கிவிட்டால் அவருக்குச் சரியாகிவிடும், நன்றியும் சொல்வார். ஆனால் அதே நேரம் கிண்ணியாவில் ஒருவர் பள்ளிவாசல் அறிவித்தல் ஒன்றை மாற்றுகிறார். அதில் ‘மௌலவி’ என்று இருக்கிறது. இப்போது அது ம, கொம்பு, ள, ல, வி என்று ஆகிவிடும். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே உருவம். ஆகவே முறைப்பாடும் வராது. பிறகொரு நாள் எக்செல் பட்டியலில் ‘மௌலவி’ என்று தேடினால் அரைவாசிப் பேர் காணாமல் போயிருப்பார்கள். அதற்கு உங்கள் மென்பொருள்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

சரியான விதி இதுதான்: ளகரத்துக்கு அடுத்து விசிறியோ காலோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம். அடுத்து நேராக இன்னொரு எழுத்து வந்தால் அது ஔகாரம். வெளி, வெள்ளி, தெளிவு ஒரு பக்கம் போகும். மௌலவி, கௌரவம், மௌனம், பௌத்தம் மறுபக்கம் போகும். இந்த விதிக்கு அடங்காத ஒன்றிரண்டு வந்தால் அவற்றுக்கு ஒரு சின்ன விதிவிலக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம்.

இதில் இருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாதாரணக் கோப்பு திறந்து, இடப்பக்கம் பாமினி, வலப்பக்கம் வரவேண்டிய யூனிகோட் என்று வரி வரியாக வையுங்கள். ஒவ்வொரு உண்மையான முறைப்பாடும் அதில் ஒரு வரி. புதிய பதிப்பு விடுமுன் அத்தனை வரியையும் ஓட்டி, ஒன்று பிழைத்தாலும் வெளியே விடாதீர்கள். பைத்தனில் இது சில வரி நிரல், பெரிய சோதனைக் கட்டமைப்பு எதுவும் தேவையில்லை. நிலாவெளியும் மௌலவியும் அந்தக் கோப்பில் அடுத்தடுத்து இருந்தால் ஒருவருக்குத் திருத்தி மற்றவருக்கு உடைக்கும் வேலை நடக்காது. கிரந்த எழுத்துகளும் (ஸ்ரீ, க்ஷ) அதில் இருக்கட்டும். கோயில் நோட்டீஸில் ஸ்ரீ இல்லாத வரியைத் தேடினாலும் கிடைக்காது.

நான்காவது நோய் ஆங்கிலம். பாமினி கோப்பில் நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் வேறு எழுத்துருவில் இருக்கும். உங்கள் பெட்டியில் ஒட்டியதும் எழுத்துரு என்ற தகவல் போய்விடுகிறது, எல்லாமே பாமினி என்று நினைத்து உங்கள் நிரல் மாற்றிவிடுகிறது. சிறிய எழுத்தில் இருக்கும் ஆங்கில ‘பேங்க்’ மாறினால் ‘டியமெ’. இலக்கங்கள் பாமினியில் இலக்கங்களாகவே இருப்பதால் தொலைபேசி எண் தப்பிவிடும், மின்னஞ்சல் முகவரி தப்பாது. இதற்கு ‘ஆங்கிலத்தை விட்டுவிடு’ என்று ஒரு பொத்தான் வையுங்கள் என்று உங்களிடம் பலர் கேட்டிருப்பார்கள். அந்தப் பொத்தானைச் செய்ய முடியாது. எழுத்தை மட்டும் பார்த்து எது ஆங்கிலம், எது பாமினி என்று நம்பிக்கையாகப் பிரிக்க வழியில்லை. ஆனால் அந்தத் தகவல் வேறு இடத்தில் கிடைக்கிறது. வேர்டில் இருந்து நகலெடுக்கும்போது கிளிப்போர்டில் வெறும் எழுத்தோடு எச்.டி.எம்.எல், ஆர்.டி.எஃப் வடிவங்களும் சேர்ந்தே போகின்றன, அவற்றில் எழுத்துருவின் பெயர் இருக்கிறது. பைத்தனில் சாளரமும் பொத்தானும் வரையும் கருவிகளில் நீங்கள் டிகேஇன்டரில் எழுதியிருந்தால் அது வெறும் எழுத்தை மட்டும் தரும். கியூட்டிக்கு மாறினால் எச்.டி.எம்.எல்லையும் எடுக்கலாம். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விடுங்கள். பொத்தானே தேவைப்படாது.

இத்தனையும் ஒரே செய்திக்குள் ஒளிந்திருக்கும்போது ‘என்ன பிரச்சினை?’ என்று திருப்பிக் கேட்டுப் பயனில்லை. ‘உடையுது எண்டு சொன்னேனே’ என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது மூன்று: எந்த வரி, மாற்றியபின் என்ன வந்தது, அதை எங்கே ஒட்டினீர்கள். இதை ஒவ்வொருவரிடமும் தட்டச்சு செய்து கேட்க உங்களுக்கு நேரமில்லை, பதில் எழுத அவர்களுக்கும் பொறுமை இல்லை. ஆகவே மென்பொருளிலேயே ‘இது பிழையாக வந்தது’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். தெரிவு செய்த வரி, மாற்றியபின் வந்தது, உங்கள் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, இவ்வளவும் கிளிப்போர்டுக்குப் போகட்டும். அவர் வட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்புவார். தெரிவு செய்த வரி மட்டும், முழுக் கோப்பு வேண்டாம். ஆட்கள் உங்கள் பெட்டியில் ஒட்டுவது பிள்ளைகளின் புள்ளிப் பட்டியலும் காணி உறுதியும் அலுவலகக் கடிதமும். அதெல்லாம் உங்கள் போனில் கிடக்கக் கூடாது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். யாராவது முழுக் கோப்பையும் அனுப்பிவிட்டால் தேவையான வரியை எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள், அழித்ததை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் வராத ஒன்றும் இருக்கிறது. ஆட்கள் பழகிப்போன கரைச்சலைப் பற்றி முறைப்பாடு செய்யமாட்டார்கள். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலையில் உங்கள் மென்பொருளைப் பாவிக்கும் கடை ஒன்றுக்குப் போங்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டு, ஆள் நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், ஓரமாக ஒரு ஸ்டூலில் இருங்கள். தட்டச்சு செய்யும் அக்காவுக்கு எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மவுஸைப் பிடுங்க வேண்டாம். அவர் பிழையான இடத்தில் அழுத்தினால் உங்கள் கை துடிக்கும், பேசாமல் இருங்கள். இப்படி ஒரு காட்சி அங்கே கிடைக்கலாம்: உங்கள் பெட்டியில் மாற்றுகிறார், நகலெடுக்கிறார், வேர்டில் ஒட்டுகிறார். அந்த இடத்தில் எழுத்துரு பாமினியாகவே இருக்கிறது. ஒட்டியதை முழுதும் தெரிவு செய்து, எழுத்துருப் பட்டியலைத் திறந்து, கீழே உருட்டி, நிர்மலா என்ற யூனிகோட் எழுத்துருவைத் தேடிப் பிடித்து மாற்றுகிறார். அடுத்த பந்திக்கும் அதே. அவரைக் கேட்டால் ‘ஒரு குறையும் இல்லை தங்கச்சி, நல்லா வேலை செய்யுது’ என்றுதான் சொல்வார். எழுத்துருவை மாற்றுவது தன் வேலையின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார். நீங்களோ நகலெடுக்கும்போதே எழுத்துருப் பெயரோடு எச்.டி.எம்.எல்லையும் கிளிப்போர்டில் வைத்துவிட்டால் அந்த வேலை முழுவதும் போய்விடும்.

மென்பொருள் பயன்பாட்டியலில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000 ஆம் ஆண்டிலேயே ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து பேரைப் பாவிக்கவிட்டுப் பார்த்தால் இடைமுகத்தில் உள்ள சிக்கல்களில் 85 வீதம் அளவு தெரிந்துவிடும். அந்த வீதத்தைப் பற்றி அதன் பிறகு நிறைய வாதம் நடந்தது. தனியாக எழுதும் ஒருவருக்கு ஐந்து பேர் என்பது போதுமான தொடக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஐந்து பேரும் ஐந்து விதமாக இருக்கட்டும். நகரத்தில் ஒரு கடை, கிண்ணியாவில் ஒரு அலுவலகம், ஒரு பாடசாலை ஆசிரியர், வீட்டில் இருந்து பழைய கட்டுரைகளை மாற்றும் ஓய்வுபெற்ற ஒருவர், இப்படி. உங்களைப் போல் கணினி தெரிந்த நண்பர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் எதையும் சமாளித்துவிடுவார்கள்.

இனி அந்த அண்ணாவின் வொய்ஸ் மெசேஜ். ஏசியது பிழைதான், அப்படிப் பேசியிருக்கத் தேவையில்லை. ஆனால் ஏச்சைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ பக்கம் மாற்றும் ஒருவரின் கைக்கு அந்தப் பொத்தான் இருந்த இடம் பாடம். வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கிறார், அவசரம், கை போன இடத்தில் ‘மாற்று’ இல்லை, ‘அழி’ இருக்கிறது. உங்கள் மென்பொருளை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்தான் இவ்வளவு கோபப்படுவார். தினமும் தொடும் மூன்று நான்கு பொத்தான்களையும் குறுக்குவிசைகளையும் இடம் மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து, அழகுக்காக என்றால் நிச்சயமாக வேண்டாம். கட்டாயம் மாற்ற வேண்டி வந்தால் பழைய குறுக்குவிசை தொடர்ந்து வேலை செய்யட்டும். ‘அழி’ பொத்தானை எப்போதும் தூரத்தில் வையுங்கள், அதற்கு மீட்டெடுக்கும் வழியும் இருக்கட்டும். முந்திய பதிப்பையும் தரவிறக்கத்தில் விட்டு வையுங்கள். ‘அண்ணா, பழையதையே இப்போதைக்குப் பாவியுங்கள், இந்தாருங்கள்’ என்று அன்றைக்கே அனுப்பியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். வொய்ஸுக்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. வட்ஸ்அப் பிஸ்னஸில் தனி இலக்கம் ஒன்று எடுத்து, வேலை நேரத்துக்கு அப்பால் தானாகப் பதில் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும்போது அந்தப் போன் பையில் கிடக்கட்டும்.

‘திறக்குதில்லை’ என்பவர்களிடம் முதலில் விண்டோஸ் பதிப்பைக் கேளுங்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது, ஆனால் கடைகளிலும் பாடசாலைகளிலும் இன்னும் அது ஓடுகிறது. பைத்தன் 3.9 தொடக்கம் விண்டோஸ் 7இல் இயங்காது, 3.8 தான் கடைசி. நீங்கள் புதிய பைத்தனில் கட்டியிருந்தால் அங்கே ஏதோ ஒரு டி.எல்.எல் கோப்பைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். 3.8இல் கட்டிய ஒரு பதிப்பைத் தனியாக வைத்து, ‘பழைய கணினிக்கு’ என்று பெயரிட்டுக் கொடுங்கள். அதில் ஔகாரம் போன்ற எழுத்துத் திருத்தங்களை மட்டும் சேருங்கள், புதிய வசதி எதுவும் வேண்டாம். 32 பிட் கணினிகளும் கிடக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

வைரஸ் விஷயம் கொஞ்சம் தலைவலியானது. அங்கே இரண்டு வேறு எச்சரிக்கைகள் வருகின்றன. நீல நிறப் பெட்டி வந்தால் அது விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற காவல் வசதி. அது வைரஸ் என்று சொல்லவில்லை, இந்தக் கோப்பை முன்பு கண்டதில்லை என்கிறது. டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கோப்புக்கு அந்த நம்பிக்கை கோப்புக்குக் கோப்பு தனித்தனியாகச் சேர வேண்டும், ஆகவே நீங்கள் வாரத்துக்கு ஒரு பதிப்பு விட்டால் ஒவ்வொரு வாரமும் பூச்சியத்தில் இருந்து தொடங்குவீர்கள். அடிக்கடி விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றது, வைரஸ் தடுப்பான் கோப்பையே பிடித்து அழிப்பது. பைத்தன் நிரலை ஓடும் கோப்பாக்கும் பைஇன்ஸ்டோலரில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டினால் அது ஓடும்போது தன்னைத் தானே தற்காலிகக் கோப்புறையில் விரித்துக்கொள்ளும். தீங்கு செய்யும் நிரல்களும் இதையே செய்வதால் தடுப்பான்கள் சந்தேகப்படுகின்றன. கோப்புறையாகக் கட்டி, இன்னோ செட்டப்பில் நிறுவியாக்கிக் கொடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். விடுமுன் வைரஸ்டோட்டல் என்ற சோதனைத் தளத்தில் போட்டுப் பாருங்கள், பிழையாகப் பிடித்தால் மைக்ரோசொஃப்டுக்கே மாதிரியை அனுப்பி நீக்கச் சொல்லலாம். கையொப்பச் சான்றிதழ் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம். 2023 ஜூனில் இருந்து அதன் சாவியை வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தபின் செலவும் அலைச்சலும் கூடிவிட்டன. மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் வழியாக எம்.எஸ்.ஐ.எக்ஸ் பொதியாகக் கொடுத்தால் அவர்களே கையொப்பம் இடுவார்கள், அது உங்கள் அளவுக்கு நல்ல வழி. எப்படியிருந்தாலும் ‘வைரஸ் தடுப்பானை நிறுத்திவிட்டுப் போடுங்கள்’ என்று மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அவர் அதைத் திரும்பப் போட மறந்துவிடுவார்.

புதிய வசதி கேட்பவர்கள். சிங்களம் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அலுவலகங்களில் மும்மொழிக் கடிதங்கள் நிறைய, எஃப்.எம். அபய போன்ற பழைய சிங்கள எழுத்துருக்களும் பாமினி மாதிரியே ஆங்கில விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. பார்க்க ஒரே வேலை போலத் தெரியும். உள்ளே போனால் யன்சய, ரகாரான்சய போன்ற இணைப்புகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறி போட வேண்டும், வந்தது சரியா என்று சொல்லச் சிங்களம் படித்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை தொடவேண்டாம், கிடைத்தால் தனி மென்பொருளாகச் செய்யுங்கள். எழுத்துப்பிழை திருத்தி வேண்டாம், அது வேறொரு வாழ்நாள் வேலை. போனுக்குக் கேட்பவரிடம் ‘போனில் எதை மாற்றப் போகிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக யாரோ வட்ஸ்அப்பில் பாமினி எழுத்தை ஒட்டி அனுப்பி, அது ஆங்கிலக் குப்பையாக வந்திருக்கும், அதை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் செயலி எதற்கு, உங்கள் மாற்று விதிகளை ஒரு சாதாரண இணையப் பக்கத்தில் போட்டால் போதும்.

இவற்றை எல்லாம் ஒரு எக்செல் தாளில் எழுதுங்கள்: யார், என்ன வேலை செய்துகொண்டிருந்தார், எங்கே நின்றது. ஒருவர் பத்து முறை அனுப்பினாலும் ஒரு வரிதான். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைவிட, நின்ற இடத்தில் அவருக்கு என்ன நட்டம் என்று பாருங்கள். எழுத்தை மாற்றும்போது உள்ளடக்கம் கெடுகிறது என்றால் ஒரே ஒருவர் சொன்னாலும் அன்றிரவே திருத்தி விடுங்கள். மற்றதைச் சேர்த்து வைத்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விடலாம். திருத்தியதும் சொன்ன ஆளுக்கு ஒரு வரி அனுப்புங்கள்: ‘நீங்கள் சொன்ன நிலாவெளி இப்போது சரி, பார்த்துச் சொல்லுங்கள்.’ அடுத்த பிழையை அவர் தானாகவே வரியோடு அனுப்புவார்.

காசு வாங்கலாம், வாங்கவும் வேண்டும். மாற்றித் தருவதற்குப் பக்கக் கணக்கில் காசு எடுக்கும் கடைகளிடம் வருடத்துக்கு ஒரு தொகை கேளுங்கள். மாணவர்களுக்கும் பாடசாலைகளுக்கும் இலவசமாக விடுங்கள். காசு கொடுப்பவருக்கு நீங்கள் கொடுப்பது விரைவான பதில் மட்டுமே, அவர் கேட்ட வசதியெல்லாம் வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யார் காசு தந்தாலும் தராவிட்டாலும் மாற்றும் விதி எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கடைசியாக, அடுத்த பதிப்பில் வேர்ட் கோப்பை நேரடியாகத் திறந்து மாற்றும் வசதியை வைத்தால் ஒட்டி ஒட்டி மாற்றும் வேலை பாதியாகக் குறையும். டொக்எக்ஸ் கோப்பு என்பது உள்ளே எக்ஸ்.எம்.எல் கோப்புகளை அடக்கிய ஒரு சிப் (zip) பொதிதான், ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் எழுத்துருப் பெயர் நேரடியாகவோ ஸ்டைல் வழியாகவோ அதில் இருக்கும். செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பக்கத் தலைப்பும் அடிக்குறிப்பும் அந்தச் சிப்புக்குள் தனித்தனிக் கோப்புகள். பிரதான கோப்பை மட்டும் மாற்றிவிட்டால் கடிதம் யூனிகோடிலும் மேலே உள்ள அலுவலக முகவரி பாமினியிலுமாக நிற்கும். அட்டவணைக்குள்ளும் எழுத்துப்பெட்டிக்குள்ளும் இருப்பவற்றையும் பாருங்கள். கடிதத் தலைப்பு வைத்த உண்மையான கோப்பு ஒன்றில், பெயர்களை மாற்றிவிட்டு, முதலில் அதைச் சோதியுங்கள்.